புரோட்டிஸ்ட்: ‘அதிநுண்ணுயிரி’ எப்படிப் பார்த்தாலும் பொருந்தாது

“அமீபா ஓர் அதிநுண்ணுயிரி.” “மலேரியாவை உண்டாக்கும் அதிநுண்ணுயிரி.” “கடல்நீரில் மிதக்கும் அதிநுண்ணுயிரிகள்.” ஆங்கில மூலத்தில் புரோட்டிஸ்ட் (அமீபா, மலேரியா ஒட்டுண்ணி போன்றவற்றுக்கான கூட்டுப்பெயர்) என்று இருக்கும் இடமெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு இந்தச் சொல்லைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். கட்டுரைக்குக் கட்டுரை இதைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. சொல்லைச் சற்றுப் பிரித்துப் பார்த்துவிடலாம்.

முதலில் பிறப்பு. 1866-இல் ஜெர்மன் விலங்கியலாளர் எர்ன்ஸ்ட் ஹெக்கல் புழக்கத்துக்குக் கொண்டுவந்த பெயர் புரோட்டிஸ்டா. கிரேக்கத்தில் ‘புரோட்டோஸ்’ என்றால் முதல், ‘புரோட்டிஸ்டோஸ்’ என்றால் முதலுக்கெல்லாம் முதல். அதற்கு ஆறு ஆண்டுகள் முன்பே ஜான் ஹாக் என்ற ஆங்கிலேயர் ‘புரோட்டோக்டிஸ்டா’, அதாவது முதலில் படைக்கப்பட்டவை, என்று ஒரு பெயர் சொல்லியிருந்தார். இரண்டையும்விடப் பழையது 1818-இல் ஜெர்மன் இயற்கையியலாளர் கோல்ட்ஃபஸ் வைத்த ‘புரோட்டோசோவா’. அதன் பொருள் முதல் விலங்குகள். பிறப்பு பற்றி இவ்வளவு போதும்.

பொருள்தான் வம்பு பிடித்தது. எல்லா உயிரையும் தாவரம், விலங்கு என்று இரண்டே பெட்டிக்குள் அடைத்துவைத்திருந்த காலத்தில் யூக்ளினா போன்றவை பெரும் தலைவலியாக இருந்தன. வெளிச்சத்தில் பச்சையாக நின்று உணவு தயாரிக்கும். வெளிச்சம் இல்லாவிட்டால் சுற்றியுள்ள நீரிலிருந்து உணவை உறிஞ்சிக்கொள்ளும். சவுக்குபோல் ஒரு கசையிழையைச் சுழற்றி நீந்தும். இவற்றை வைக்க ஹெக்கல் மூன்றாவது பெட்டி ஒன்று செய்தார். பாக்டீரியாவையும் அதற்குள்ளேயே போட்டார். பிறகு வந்தவர்கள் பாக்டீரியாவை வெளியே எடுத்தார்கள். 1969-இல் அமெரிக்கச் சூழலியலாளர் விட்டேக்கர் முன்வைத்த ஐந்துலக வகைப்பாட்டில் பூஞ்சைக்குத் தனி உலகம் கிடைத்தது. எல்லாரும் எடுத்துக்கொண்டது போக மிஞ்சி நின்றதுதான் புரோட்டிஸ்டா. இன்று அதன் வரையறையே எதிர்மறையானது: செல்லுக்குள் உட்கரு இருக்கும், ஆனால் விலங்கு அல்ல, நிலத்தாவரம் அல்ல, பூஞ்சையும் அல்ல.

இப்படி ‘அல்ல’ என்று சொல்லிப் பெயர் வைப்பது நமக்குப் புதிதில்லை. அஃறிணை என்பதே அல் + திணைதான். உயர்திணையில் சேராத மாடு, மரம், மலை, மழை எல்லாம் அதில் அடங்கும். மாட்டுக்கும் மழைக்கும் என்ன உறவு என்று இலக்கணத்தில் யாரும் கேட்பதில்லை. புரோட்டிஸ்டும் உயிரியலின் ஓர் அஃறிணை. அமீபாவும் பாரமீசியமும் பாடப்புத்தகத்தில் ஒரே பக்கத்தில் அண்ணன் தம்பி மாதிரி நிற்கின்றன. வம்சாவளியைப் பார்த்தால் அமீபாவுக்குப் பாரமீசியத்தைவிட மனிதன் நெருங்கிய உறவு. பாரமீசியத்தின் பங்காளிகள் வேறு இடத்தில் இருக்கிறார்கள்: மலேரியா ஒட்டுண்ணியும், கடலில் ஒளிச்சேர்க்கை செய்யும் டைனோஃபிளாஜெல்லேட்டுகளும். இந்தக் கூட்டத்துக்கு ஒரு பண்பைச் சுட்டிப் பெயர் வைப்பதே ஆபத்தான வேலை. அந்த ஒற்றைப் பண்பும் தப்பாக இருந்தால்?

அதிநுண்ணுயிரி அப்படிப்பட்ட பெயர்தான். நுண்ணுயிரி என்றால் கண்ணுக்குப் புலப்படாத சிற்றுயிர். தமிழில் அந்தச் சொல்லைக் கேட்டவுடன் பெரும்பாலானோர் நினைப்பது பாக்டீரியாவை. ‘அதி’ சேர்ந்தால் அதனினும் நுண்ணியது என்றுதான் யாருக்கும் படும். அதிவேகம், அதிகாலை, அதிநவீனம் என்று நாம் பழகியது அப்படித்தான். அப்படியானால் பாக்டீரியாவைவிடச் சிறியது புரோட்டிஸ்ட் என்றாகிறது. உண்மை நேர் எதிர். நம் குடலில் வாழும் ஈ. கோலை பாக்டீரியாவின் நீளம் சுமார் 2 மைக்ரோமீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஐந்நூறில் ஒரு பங்கு. பாரமீசியம் காடேட்டம் 200 முதல் 300 மைக்ரோமீட்டர். வெளிச்சத்துக்கு எதிரே கண்ணாடிக் குழாயைப் பிடித்தால் வெறும் கண்ணுக்கே வெள்ளைப் பொட்டாக நகர்வது தெரியும். எக்காளம் போன்ற உருவமுள்ள ஸ்டென்டர் நன்றாக நீண்டால் 2 மில்லிமீட்டர் வரை போகும்.

இவையெல்லாம் சிறியவை. ஸ்காட்லாந்துக்கு அப்பால் ஆழ்கடல் தரையில் சிரிங்கமினா என்று ஒன்று இருக்கிறது. மணலையும் வண்டலையும் ஒட்டிக் கூடு கட்டிக்கொள்ளும். ஒரே செல், பல உட்கருக்கள், கூடு 20 சென்டிமீட்டர் வரை. கையில் ஏந்திப் பார்க்கக்கூடிய அதிநுண்ணுயிரி! அசெட்டாபுலேரியா என்ற கடற்பாசி குடை விரித்ததுபோல் பல சென்டிமீட்டர் உயரம் வளரும். அதுவும் ஒரே செல்தான். செல்லுக்குக் கட்டளை இடுவது உட்கருதான் என்பதை ஜெர்மன் உயிரியலாளர் ஹேமர்லிங் 1930-களில் காட்டியது இதன் தலையை வெட்டி, காலை மாற்றி ஒட்டித்தான். அவர் கையில் கத்தரியோடு சோதனை செய்ய முடிந்ததற்குக் காரணமே இது நுண்ணியதாக இல்லாததுதான்.

எகிப்தியப் பிரமிடுகளின் சுண்ணாம்புக்கல்லை உற்றுப் பார்த்தால் வட்ட வட்டமாகச் சில்லுகள் தெரியும். நுமுலைட்டுகள். அந்தப் பெயருக்கே சிறுகாசு என்று பொருள். அவை ஃபொராமினிஃபெரா என்ற புரோட்டிஸ்ட் வகையின் ஓடுகள். கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ரேபோ அங்கே போனபோது, பிரமிடு கட்டிய வேலையாட்கள் தின்று மிச்சம் வைத்த பருப்பு கல்லாகிவிட்டது என்ற கதையைக் கேட்டு எழுதிவைத்திருக்கிறார். பருப்பு என்று நினைக்கும் அளவுக்காவது அவர்கள் கண்ணுக்கு அது தெரிந்திருக்கிறது. நம் சொல்லாக்கத்துக்கு அது அதிநுண்.

இன்னும் ஒரு படி மேலே போனால், அமெரிக்க உயிரியலாளர் லின் மார்குலிஸ் ‘புரோட்டோக்டிஸ்டா’ என்ற பழைய பெயரைத் தூசு தட்டி எடுத்தபோது பழுப்புப் பாசிகளையும் அதில் சேர்த்தார். கெல்ப் என்ற பழுப்புப் பாசி 40 மீட்டருக்கு மேலும் வளரும். தென்னையைப்போல் இரண்டு மடங்கு. அதையும் அதிநுண்ணுயிரி என்று எழுதத் துணிச்சல் வேண்டும்.

நியாயமாகப் பேச வேண்டும் என்றால் எதிர்ப்பக்கச் சாட்சியையும் சொல்லவேண்டும். ஆஸ்ட்ரியோகாக்கஸ் என்ற பச்சைப்பாசி ஒரு மைக்ரோமீட்டருக்கும் கீழே. பல பாக்டீரியாக்களைவிடச் சிறியது. 2022-இல் விவரிக்கப்பட்ட தயோமார்கரிட்டா மாக்னிஃபிகா என்ற பாக்டீரியாவோ ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு நீள்கிறது. ஆக, இரு தரப்பிலும் விதிவிலக்கு உண்டு. அதனால் அதிநுண்ணுயிரி பிழைத்துவிடாது. உயிர்க்குழுவுக்கு அளவை வைத்துப் பெயரிட்டால் இப்படித்தான் ஆகும் என்பதைத்தான் இது காட்டுகிறது. ‘அதி’ வடமொழி முன்னொட்டு என்பதைக்கூட நான் பெரிதாக எடுக்கவில்லை. ஆனால் “கிரேக்கச் சொல் எதற்கு, தூய தமிழில் எழுதுவோம்” என்று கிளம்பியவர்கள் முதல் எழுத்திலேயே கடன் வாங்கியிருப்பதைக் கவனிக்காமல் இருக்க முடியவில்லை.

சரி, மற்ற போட்டியாளர்கள்.

மூத்தவிலங்கு. புரோட்டோசோவாவுக்கு நேர் மொழிபெயர்ப்பு என்ற அளவில் கைத்திறன் தெரிகிறது. ஆனால் இன்று யாரும் அவற்றை விலங்கு என்று கொள்வதில்லை. மலேரியா ஒட்டுண்ணியையே எடுத்துக்கொள்ளுங்கள். பிரெஞ்சு மருத்துவர் லாவரான் 1880-இல் நோயாளியின் இரத்தத்தில் அதைப் பார்த்தார். ரொனால்ட் ராஸ் 1897-இல் செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றுச் சுவரில் பார்த்தார். இருவரும் பார்க்காத ஒன்று 1990-களில் தெளிவானது. அந்த ஒட்டுண்ணியின் செல்லுக்குள் ஒரு பழைய பசுங்கணிகத்தின், அதாவது ஒளிச்சேர்க்கை நடக்கும் பச்சைப் பையின், எச்சம் கிடக்கிறது. அதன் மூதாதை எப்போதோ ஒரு செம்பாசியை உள்வாங்கிக்கொண்டதன் அடையாளம். பச்சையம் போய்விட்டது, ஒளிச்சேர்க்கை போய்விட்டது, ஆனாலும் அந்தப் பை இல்லாமல் ஒட்டுண்ணியால் வாழ முடியாது. பாசி ஒன்றைச் செரிக்காமல் சுமந்துகொண்டு திரியும் இதை விலங்கு என்பதா? அதுவும் மூத்த விலங்கு?

ஓரணு உயிரி என்பதை எழுதுகிறவர்கள் பாதிப்பேர் அதே கட்டுரையில் அணு உலையைப் பற்றியும் எழுதுவார்கள். அணு என்ற சொல்லை இயற்பியலுக்குக் கொடுத்துவிட்டோம். திரும்பக் கேட்பதில் பயனில்லை.

ஒருசெல் உயிரி, இலங்கை வழக்கில் ஒருகல உயிரி, நல்ல சொல். அதில் எனக்குச் சண்டையே இல்லை. ஆனால் அது புரோட்டிஸ்டுக்கு நிகரான சொல் அல்ல. பாக்டீரியாவும் ஒரு செல். ரொட்டி உப்பக் காரணமான ஈஸ்ட்டும் ஒரு செல், அது பூஞ்சை. செல் ஒன்றா பலவா என்பது பேச்சாக இருக்கும் இடத்தில் மட்டும் அதைப் பயன்படுத்தினால் போதும்.

முதலுயிரி ஒன்றுதான் எதிர்த்து நிற்கத் தகுதியானது. மூலச் சொல்லின் பொருளை அப்படியே கொண்டுவருகிறது, நாவில் எளிதாக உருள்கிறது. தடை ஒன்றே ஒன்று: அது உண்மை இல்லை. உயிர்களில் முதலில் வந்தவை பாக்டீரியாவும், அதைப்போலவே உட்கரு இல்லாத ஆர்க்கியாவும். உட்கருவுள்ள செல் வெகுகாலம் கழித்து வந்தது. ‘முதல்’ என்றால் கூடவே ‘எளியது’ என்ற எண்ணமும் ஒட்டிக்கொள்கிறது. மனிதனிடம் புரதம் செய்யும் ஜீன்கள் சுமார் 20,000; பாரமீசியம் டெட்ராயுரேலியாவிடம் சுமார் 40,000. அதே பாரமீசியத்தை நுண்ணோக்கியில் சில நிமிடம் பாருங்கள். உடல் முழுதும் குறுயிழைகள் அலையலையாக அடிக்கின்றன. பக்கவாட்டுப் பள்ளத்தில் பாக்டீரியாக்கள் சுழன்று உள்ளே போகின்றன. இரு கோடியிலும் சுருங்கும் நுண்குமிழிகள் நட்சத்திரம்போல் விரிந்து, நிரம்பி, சட்டென்று மூடி நீரை வெளியேற்றுகின்றன. எதிலாவது முட்டினால் பின்வாங்கி, திரும்பி, வேறு திசையில் போகிறது. வாய், வயிறு, கழிவுவழி எல்லாம் ஒரே செல்லுக்குள். எளிமையாவது!

குடலில் வாழும் ஒட்டுண்ணியான ஜியார்டியாவின் கதையும் இதே ரகம். அதனிடம் செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியா தென்படவில்லை என்பதால் 1980-களில் அதை மிகத் தொன்மையான வகை என்று கருதினார்கள். 2003-இல் அதன் செல்லுக்குள் மைட்டோகாண்ட்ரியாவின் சுருங்கிய எச்சம் கண்டுபிடிக்கப்பட்டது. ஆதியிலிருந்தே இல்லாதது அல்ல; இருந்ததைக் குறைத்துக்கொண்டது.

அப்படியென்றால் முதலுயிரியும் தப்பான பெயர்தானே, அதிநுண்ணுயிரியை மட்டும் ஏன் இந்தப் போடு போடுகிறாய் என்று கேட்கலாம். வித்தியாசம் இருக்கிறது. முதலுயிரியில் உள்ள பிழை ஹெக்கலின் பிழை. மூலத்திலேயே இருக்கிறது, மொழிபெயர்த்தவர் அதை உண்மையாகக் கொண்டுவந்தார், அவ்வளவுதான். ஆக்சிஜன் என்றால் அமிலத்தை உண்டாக்குவது, மலேரியா என்றால் கெட்ட காற்று. இரண்டும் பொய், இரண்டும் நிலைத்துவிட்டன. அதிநுண்ணுயிரியின் பிழையோ முழுக்க முழுக்க நம் தயாரிப்பு. கிரேக்கத்தில் அளவைப் பற்றி ஒரு எழுத்துகூட இல்லை. மூலத்தில் இல்லாத தப்பை நாமே உட்கார்ந்து செய்து சேர்த்திருக்கிறோம்.

என் ஓட்டு புரோட்டிஸ்ட், புரோட்டிஸ்டா என்று ஒலிபெயர்த்தே எழுதுவதற்குத்தான். கிரேக்கம் தெரியாத வாசகருக்கு அந்தச் சொல் எந்தப் பொய்யையும் சொல்லாது. முதலுயிரி என்றால் தமிழ் வாசகர் முதலில் தோன்றிய உயிர் என்று நேராகவே படித்துவிடுவார், அந்த வசதி தமிழில் கூடுதலாகவே இருக்கிறது. தமிழ்ச் சொல் இருந்தே ஆகவேண்டும் என்பவர்கள் முதலுயிரி எழுதட்டும், நான் சண்டைக்கு வரமாட்டேன். அஃறிணையைப் பின்பற்றி ‘அல்லுயிரி’ என்று ஒன்று செய்து பார்த்தேன். செத்தது என்று பொருள்படுகிறது, விட்டுவிட்டேன்.

தூய தமிழுக்கு எதிரி என்று என்னை நினைத்துவிட வேண்டாம். போலிக்கால், கசையிழை, குறுயிழை எல்லாம் அருமையான ஆக்கங்கள். அமீபா தன் உடலின் ஒரு பக்கத்தைப் பிதுக்கி நீட்டி, உள்ளிருப்பதை அதற்குள் ஓடவிட்டு நகர்வதைப் பார்த்த பிறகு போலிக்கால் என்பதைவிடச் சரியான பெயர் தோன்றாது. அவற்றைச் செய்தவர்கள் பொருளைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள். அதிநுண்ணுயிரியைச் செய்தவர் அகராதியை மட்டும் பார்த்திருக்கிறார்.

செய்தி மொழிபெயர்ப்பில் நிலைமை இன்னும் மோசம். ‘மலேரியா வைரஸ்’ என்று கூசாமல் எழுதுகிறார்கள். ‘மூளையைத் தின்னும் அமீபா’ என்ற தலைப்பு வராத கோடை இல்லை. அந்த நிக்ளேரியா உண்மையில் அமீபா புரோட்டியஸின் இனமே அல்ல. போலிக்காலால் ஊர்வது மட்டும் ஒற்றுமை, தேவைப்பட்டால் கசையிழை முளைத்து நீந்தவும் செய்யும். இரத்தம் கலந்த வயிற்றுப்போக்கு விஷயத்தில் இது வெறும் சொல் விளையாட்டாக இருப்பதில்லை. ஷிகெல்லா என்ற பாக்டீரியாவால் வருவது ஒன்று, என்டமீபா என்ற புரோட்டிஸ்டால் வருவது இன்னொன்று. பின்னதற்கு மெட்ரோனிடசோல் கொடுப்பார்கள். முன்னதற்கு அது மருந்தல்ல. துண்டறிக்கையில் ஒன்றை நுண்ணுயிரி என்றும் மற்றதை அதிநுண்ணுயிரி என்றும் எழுதிவைத்தால், படிப்பவருக்கு இரண்டாவது முதலாவதன் குட்டி என்றுதான் தோன்றும். பாக்டீரியா, அமீபா என்று பெயரைச் சொல்லியே எழுதிவிடலாம். இரண்டு சொல்லும் எல்லாருக்கும் தெரிந்தவைதான்.