பத்து விநாடிக் காணொளி எப்படிச் சுருங்குகிறது?

1920×1080 பிக்சலில், விநாடிக்கு 30 பிரேம் வீதம் எடுத்த காணொளியைச் சுருக்காமல் அப்படியே சேமித்தால், ஒரு பிக்சலுக்கு மூன்று பைட் என்ற கணக்கில் விநாடிக்கு ஏறத்தாழ 187 மெகாபைட் தேவைப்படும். பத்து விநாடிக்கு அது 1.8 ஜிகாபைட்டைத் தாண்டும். அதே துணுக்கு இணையதளங்களில் இரண்டு மூன்று மெகாபைட்டிலேயே ஓடுகிறது. மீதி எந்தக் கட்டத்தில் கழிக்கப்பட்டது என்பது தெரிந்தால், மென்பொருளில் எந்த அமைப்பை மாற்ற வேண்டும் என்பதும் விளங்கிவிடும்.

முதல் கழிவு நிறத்தில். நம் கண் வெளிச்ச வேறுபாட்டை உணரும் அளவுக்கு நிற வேறுபாட்டை நுணுக்கமாக உணர்வதில்லை என்பதால், ஒளிர்வை முழுமையாக வைத்துக்கொண்டு, நிறத் தகவலை நான்கு பிக்சலுக்கு ஒன்றாகக் குறைக்கிறார்கள். இதிலேயே தரவு பாதியாகிவிடும்.

பெரிய மிச்சம் கிடைப்பது அடுத்தடுத்த பிரேம்களுக்கு இடையிலான ஒற்றுமையில்தான். 2003இல் வெளிவந்து இன்றும் ஏறக்குறைய எல்லா உலாவிகளிலும் ஓடும் எச்.264 என்ற சுருக்க முறையில், இடையிடையே வரும் சில பிரேம்கள் மட்டுமே தனித்து முழுமையாகப் பதிவாகின்றன. மற்றவற்றில், 16×16 பிக்சல் கட்டம் ஒவ்வொன்றும் வேறொரு பிரேமில் இருந்த இடத்திலிருந்து எந்தத் திசையில் எவ்வளவு நகர்ந்தது என்ற குறிப்பும், அப்படி நகர்த்திய பின்னும் எஞ்சும் வேறுபாடும் பதிவாகின்றன. ஆகவே கேமராவை முக்காலியில் நிறுத்தி எடுத்த பேட்டி எளிதில் சுருங்கும். கை நடுங்க எடுத்தது, மழை, காற்றில் அசையும் இலைகள், இருட்டில் எடுத்ததால் படத்தில் பொரியும் புள்ளிகள் ஆகியவை அவ்வளவு எளிதில் சுருங்கா. என்னைக் கேட்டால், படம்பிடிக்கும்போதே கேமராவை அசையாமல் வைப்பதைவிட மலிவான சுருக்க உத்தி வேறில்லை.

எஞ்சிய வேறுபாட்டைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, மெதுவாக மாறும் பகுதி, வேகமாக மாறும் பகுதி என அலைகளாகப் பகுக்கும் கணிதத்தை, பெங்களூரில் பிறந்த நசீர் அகமது, டி. நடராஜன், கே. ஆர். ராவ் ஆகியோர் 1974இல் வெளியிட்டனர். (இதற்காக அகமது 1972இல் கேட்ட ஆய்வு நிதி கிடைக்கவில்லை; கருத்து மிக எளிமையாக இருக்கிறது என்று மதிப்பீட்டாளர் ஒருவர் எழுதினாராம்.) எச்.264 அதன் முழுஎண் வடிவத்தைப் பயன்படுத்துகிறது. இப்படிக் கிடைக்கும் எண்களை ஒரு குறிப்பிட்ட எண்ணால் வகுத்து முழு எண்ணாக்கும்போது, நுண்ணிய விவரங்களைக் குறிப்பவற்றில் பல பூச்சியமாகிவிடுகின்றன. அப்போது இழந்த விவரத்தை மீட்க வழியில்லை. வகுக்கும் எண் பெரிதானால், வானம் போன்ற பகுதிகளில் கட்டம் கட்டமாகத் தெரியத் தொடங்கும்.

எச்.264 முறையில் சுருக்கித் தரும் எக்ஸ்264 மென்பொருளில் இந்த வகுத்தலின் கடுமையைத் தீர்மானிப்பது சி.ஆர்.எஃப். என்ற எண். வழக்கமான காணொளிக்கு அது 0 முதல் 51 வரை செல்லும். இயல்பு மதிப்பு 23. ஆறு கூட்டினால் கோப்பு ஏறத்தாழப் பாதியாகும். தொடக்கநிலையாளர் அதை உயர்த்துவதற்கு முன், பக்கத்தில் காணொளி எவ்வளவு அகலத்தில் தோன்றும் என்று பார்த்து 1280×720க்குக் குறைப்பதும், பின்னணியில் ஒலியின்றி ஓடும் துணுக்காக இருந்தால் ஒலித்தடத்தை நீக்கிவிடுவதும் நல்லது. ஏற்கெனவே சுருக்கிய கோப்பை மீண்டும் சுருக்கினால் இழப்பின்மேல் இழப்பு சேரும் என்பதால், எப்போதும் மூலக் கோப்பிலிருந்தே தொடங்க வேண்டும்.

அளவோடு தொடர்பில்லாத ஒன்றும் உண்டு. எம்பி4 கோப்பின் உள்ளடக்க அட்டவணை பெரும்பாலும் கோப்பின் இறுதியில் எழுதப்படுகிறது. காணொளிக் கோப்புகளை மாற்றப் பயன்படும் எஃப்எஃப்எம்பெக் கருவியில் உள்ள ‘ஃபாஸ்ட்ஸ்டார்ட்’ அமைப்பு அதை முன்பகுதிக்குக் கொண்டுவருவதால், கோப்பு முழுவதும் இறங்கும்வரை காத்திராமல் காணொளி ஓடத் தொடங்கும்.