வகுப்பில் எழுந்து நிற்கச் சொல்லாதீர்கள்

போன வாரமும் அதே கதை. எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி உதவித்தொகைப் படிவத்தை வாங்கவே மாட்டேன் என்கிறாள். "பொறுப்பில்லாத பொண்ணு, வர்ற காசை வேணாங்கிறா" என்று வகுப்பாசிரியை என்னிடம் அனுப்பிவைத்தார். பள்ளி ஆலோசகராக ஒவ்வொரு கல்வியாண்டும் இதைப் பார்க்கிறேன். என்னம்மா ஆச்சு என்று கேட்டதும் சொல்லிவிட்டாள்: "எஸ்சி பிள்ளைங்கள்லாம் எழுந்திரிங்கன்னு மிஸ் சொன்னாங்க. எழுந்தேன். அதுலேர்ந்து பக்கத்துல இருக்கிறவ என் டிபன்ல கை வைக்கிறதில்ல."

ஆசிரியைக்குக் கெட்ட எண்ணம் கிடையாது. பட்டியலை முடித்து எமிஸில், அதாவது பள்ளிக் கல்வித் துறையின் இணையதளத்தில், ஏற்ற வேண்டும், அந்த அவசரம்.

ஆனால் "எங்க கிளாஸ்ல சாதியெல்லாம் கிடையாது" என்று அடித்துச் சொல்கிறார்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை. யாரைக் கேட்டுச் சொல்கிறீர்கள்? நீங்கள் சாதி பார்க்காதவராகவே இருக்கலாம். அதனால் உங்கள் வகுப்பிலும் யாரும் பார்ப்பதில்லை என்று ஆகிவிடுமா? யார் கையில் என்ன நிறக் கயிறு, யாருடைய தண்ணீர் பாட்டிலை யாரும் வாங்கிக் குடிப்பதில்லை என்பது பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு அத்துப்படி. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் பிளஸ் டூ மாணவரை, அதே பள்ளியில் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதற்கு முன்பே அவர் பள்ளிக்கு வருவதை நிறுத்தியிருந்தார். லீவு போடுகிற பிள்ளையை விசாரியுங்கள், திட்டாதீர்கள்.

பள்ளிகளில் சாதி மோதலைத் தடுக்க வழி சொல்ல அதன்பின் அமைக்கப்பட்ட, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவின் குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. உதவித்தொகை விவரத்தைத் தலைமையாசிரியர் தன் அறைக்குத் தனித்தனியே அழைத்துச் சொல்ல வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. இதற்குப் பணமா செலவாகிறது?

பிள்ளைகளிடம் கேளுங்கள். பருவத்துக்கு ஒரு முறை, பெயர் எழுதாத துண்டுச்சீட்டில் ஒரே கேள்வி போதும்: "இந்த வகுப்பில் எப்போது உனக்குக் கூச்சமாக இருந்தது?" சீட்டுகளை வேறு வகுப்பு ஆசிரியர் வாங்கட்டும், கையெழுத்தை வைத்தே நாம் ஆளைக் கண்டுபிடித்துவிடுவோம், அது அவர்களுக்கும் தெரியும். யார் எழுதியது என்று துருவாதீர்கள். ஸ்டாஃப் ரூமில் வாசித்துக் காட்டவே காட்டாதீர்கள். படித்த வாரத்திலேயே ஏதாவது ஒன்றை மாற்றுங்கள், உட்காரும் வரிசையையாவது. எதுவுமே மாறவில்லை என்றால் அடுத்த முறை வெற்றுச் சீட்டுதான் வரும்.

பிள்ளைகள் புகார் எழுதிப் போடுகிற 'மாணவர் மனசு' பெட்டியைத் தலைமையாசிரியர் அறை வாசலில் மாட்டியிருந்தால், தயவுசெய்து அங்கிருந்து கழற்றுங்கள். எல்லாரும் பார்க்கிற இடத்தில் எந்தப் பிள்ளை வந்து சீட்டுப் போடும்? நூலகத்துக்குள் மாட்டுங்கள். பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417, குழந்தைகள் உதவி எண் 1098 இரண்டையும் பெட்டியின் மேலேயே பெரிதாக எழுதிவையுங்கள்.