செக்‌ஷன் இல்லாத கட்டடங்கள்

கட்டடக்கலைக் கல்லூரிகளுக்கு, மாணவர்களின் வடிவமைப்புகளை மதிப்பிடும் ஜூரிக்குப் போகும்போது கடந்த சில ஆண்டுகளாக ஒரு மாற்றம் கண்ணில் படுகிறது. சுவரில் தொங்கும் ஷீட்டுகள் முன்னெப்போதையும்விட அழகாக இருக்கின்றன. மாலை வெயில், ஈரம் மின்னும் கல் தரை, பால்கனிதோறும் மரம், நடுக்கூடத்தில் அந்தரத்தில் நிற்பதுபோல் ஒரு படிக்கட்டு. "இந்தப் படிக்கட்டு பிளானில் எங்கே தொடங்குகிறது?" என்று கேட்டதும் பேச்சு நின்றுவிடுகிறது. பிளானில் (தள வரைபடத்தில்) இருப்பது வேறு படிக்கட்டு. செக்‌ஷன் (கட்டடத்தை மேலிருந்து கீழாக வெட்டி உள்ளே காட்டும் வரைபடம்) வெட்டிய கோடு படிக்கட்டுப் பக்கமே போகவில்லை.

அந்த மாணவரைச் சோம்பேறி என்று சொல்லிவிட முடியாது. கண்விழித்து உழைத்திருக்கிறார். அந்த உழைப்பெல்லாம் படம் தரும் ஏஐ (செயற்கை நுண்ணறிவு) கருவிக்கான பிராம்ப்ட்டை, அதாவது கட்டளை வரியை, மாற்றி மாற்றி எழுதி, வந்த படங்களில் நல்லதைப் பொறுக்குவதில் போயிருக்கிறது. ஏஐயைக் கல்லூரிக்குள் விடலாமா கூடாதா என்ற விவாதம் என்னைப் பொறுத்தவரை முடிந்துபோனது. அது உள்ளே வந்துவிட்டது. ஆர்க்கிடெக்ட் அலுவலகங்களில் நாங்களும் பயன்படுத்துகிறோம். என் கவலை வரிசையைப் பற்றியது. பிளானும் செக்‌ஷனும் பிறக்கும் முன்பே படம் வந்துவிட்டால், எந்தக் கட்டத்தில் வடிவமைக்கக் கற்றுக்கொள்ள வேண்டுமோ அந்தக் கட்டத்தையே மாணவர் தாண்டிப் போய்விடுகிறார்.

அந்தப் படிக்கட்டையே எடுத்துக்கொள்வோம். தளத்துக்குத் தளம் உயரம் 3.3 மீட்டர். ஒரு ரைசர் (ஒரு படியின் உயரம்) 150 மில்லிமீட்டர் என்றால் 22 ரைசர் வேண்டும். நடுவில் லேண்டிங் (நின்று திரும்பும் இடம்) வைத்து இரண்டு ஃபிளைட்டாக (படி வரிசையாக) பிரித்தால் ஃபிளைட்டுக்கு 11 ரைசர், 10 ட்ரெட் (கால் வைக்கும் பரப்பு). ட்ரெட் 300 மில்லிமீட்டர் என்றால் ஒரு ஃபிளைட்டின் நீளம் 3 மீட்டர். நடு லேண்டிங்குக்கு 1.2 மீட்டர், தளத்தில் ஏறி வந்து நிற்க இன்னொரு 1.2 மீட்டர். ஆக 5.4 மீட்டர் நீளம். இரண்டு ஃபிளைட்டும் அருகருகே வர ஏறத்தாழ 2.5 மீட்டர் அகலம். இவ்வளவு இடத்தைக் கட்டடம் விட்டுக்கொடுத்தாக வேண்டும். இரண்டு ரைசரும் ஒரு ட்ரெட்டும் சேர்ந்தால் மனிதர் எடுத்துவைக்கும் ஓர் எட்டுக்கு ஒத்துவர வேண்டும் என்று பிரான்ஸின் கட்டடக்கலைஞர் பிரான்சுவா ப்ளோந்தெல் 17ஆம் நூற்றாண்டிலேயே விதி வகுத்துவிட்டார். நம் கணக்கில் அந்தக் கூட்டுத்தொகை 600 மில்லிமீட்டர். கால் சிரமமில்லாமல் ஏறும்.

இப்போது ஏஐ தந்த படத்துக்கு வருவோம். அதில் படிகளை எண்ணினால் 13தான் தேறுகின்றன. 3.3 மீட்டரை 13ஆல் வகுத்தால் ஒரு படியின் உயரம் ஏறத்தாழ 254 மில்லிமீட்டர். முழங்கால் வலிக்காரர் ஏறவே முடியாது. கைப்பிடி பாதி வழியில் சுவருக்குள் போய் மறைகிறது. படிக்கட்டு போய்ச் சேரும் இடத்தில் தளமே இல்லை.

இதைக் கருவியின் கோளாறு என்று நினைக்க வேண்டாம். அதன் இயல்பே அப்படி. டால்-ஈ 2, மிட்ஜர்னி, ஸ்டேபிள் டிஃப்யூஷன் எல்லாம் 2022இல் பலர் கைக்கும் வந்தவை. ஏராளமான படங்களையும் அவற்றின் விளக்க வரிகளையும் கொடுத்து இவற்றைப் பழக்கியிருக்கிறார்கள். நாம் ஒரு வரி எழுதினால், வெறும் புள்ளிகளின் இரைச்சலிலிருந்து தொடங்கி, அந்த வரிக்குப் பொருந்தும் திசையில் இரைச்சலைக் கொஞ்சம் கொஞ்சமாக நீக்கி ஒரு படத்தில் கொண்டுவந்து நிறுத்துகின்றன. அந்தப் படத்துக்குப் பின்னால் பிளான் கிடையாது. சுவருக்குத் தடிமன் கிடையாது. தூண் எதைத் தாங்குகிறது என்ற தகவல் எங்கும் இல்லை. படிக்கட்டின் புகைப்படம் எப்படி இருக்கும் என்பது அதற்கு நன்றாகப் பழகியிருக்கிறது. படிக்கட்டில் ஒருவர் ஏற வேண்டும் என்பது அதன் கணக்கிலேயே இல்லை.

பால்கனி மரமும் அப்படித்தான். ஒரு மரம் வேரூன்ற ஒரு மீட்டர் ஆழ மண் வைக்கிறோம் என்றால், ஈர மண்ணின் எடை கன மீட்டருக்கு ஏறத்தாழ 1,800 கிலோ. சாதாரண வீட்டுத் தளத்தில் ஆட்களும் பொருட்களும் புழங்கும் பாரமாக நாம் கணக்கில் எடுப்பது சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 200 கிலோ. ஒன்பது மடங்கு! இத்தாலியின் மிலான் நகரில் 2014இல் திறக்கப்பட்ட போஸ்கோ வெர்ட்டிகாலே குடியிருப்புக் கோபுரங்களில் மரங்கள் நிற்கின்றன என்பது உண்மை. அதற்காக மரங்களைக் காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் சோதித்தார்கள், வேர்க்கட்டியைத் தொட்டியோடு பிணைத்தார்கள், பால்கனித் தளத்தை அந்தப் பாரத்துக்கென்றே வடிவமைத்தார்கள். புகைப்படத்தில் இவை எதுவும் தெரியாது. புகைப்படங்களை மட்டும் பார்த்துப் பழகிய கருவியிடமிருந்து வருவது மரத்தின் தோற்றம் மட்டுமே.

"படம் ஒரு தொடக்கத்துக்குத்தானே சார், பிறகு திருத்திக்கொள்வேன்" என்று மாணவர்கள் சொல்கிறார்கள். நேர்மையாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் மனம் அப்படி வேலை செய்வதில்லை. 1991இல் டேவிட் ஜான்சன், ஸ்டீவன் ஸ்மித் என்ற இருவர் வடிவமைப்பு மாணவர்களையும் பொறியாளர்களையும் வைத்து நடத்தி வெளியிட்ட சோதனைகள் இந்தத் துறையில் பலருக்கும் தெரிந்தவை. ஒரே வடிவமைப்புச் சிக்கலை இரண்டு குழுவுக்கும் கொடுத்து, ஒரு குழுவுக்கு மட்டும் ஒரு மாதிரி வரைபடத்தையும் காட்டினார்கள். மாதிரியைப் பார்த்த குழுவின் வடிவங்களில் அந்த மாதிரியின் அம்சங்கள் அதிகமாகத் திரும்ப வந்தன. குறைகளும் சேர்ந்தே வந்தன. கூடாது என்று முன்கூட்டியே சொல்லப்பட்டவைகூட உள்ளே நுழைந்தன. அன்று காட்டியது வெறும் கோட்டோவியம். இன்று வெயிலும் நிழலும் மனிதர்களும் நிறைந்த, கட்டி முடித்ததுபோல் தெரியும் படம் முதல் நாளே கண்முன் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அதிலிருந்து மனத்தைப் பிய்த்தெடுப்பது இருபது வயதில் சுலபமான காரியமில்லை. அதன் பிறகு நடப்பதெல்லாம், படத்துக்கு ஏற்றமாதிரி பிளானை வளைக்கும் வேலைதான்.

வடிவம் முதலில் வந்து, அதைக் கட்டும் வழி பிறகு தேடப்பட்ட மாபெரும் உதாரணம் ஒன்று நம் துறையில் உண்டு. சிட்னி ஓப்பரா ஹவுஸ். டென்மார்க் கட்டடக்கலைஞர் யோர்ன் உட்சனின் வரைபடங்கள் 1957இல் போட்டியில் வென்றன. சிப்பி ஓடுகள்போல் வளைந்து நிற்கும் அந்தக் கூரைகளுக்கு அப்போது திட்டவட்டமான ஜியோமெட்ரி இல்லை. 1959இல் வேலையே தொடங்கிவிட்டது. கூரைக்கு விடை கிடைக்கவில்லை. உட்சனும் ஓவ் அருப் நிறுவனத்தின் பொறியாளர்களும் பரவளையம், நீள்வட்டம் என்று ஒவ்வொன்றாக முயன்று, எல்லாக் கூரை வளைவுகளையும் ஒரே கோளத்தின் பரப்பிலிருந்து வெட்டி எடுக்கலாம் என்ற முடிவுக்கு 1961இல் வந்தார்கள். எல்லாம் ஒரே வளைவு என்பதால் துண்டுகளை அச்சில் வார்த்து அடுக்க முடிந்தது. 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் என்று மதிப்பிட்ட வேலை 10 கோடியே 20 லட்சத்தில் முடிந்தது. திறப்பு விழா 1973இல். உட்சன் 1966இலேயே விலகிப் போய்விட்டிருந்தார்.

இந்தக் கதையில் மாணவர்கள் பார்க்க வேண்டியது இடையில் கிடக்கும் அந்த நான்கு ஆண்டுகளை. கோளம் என்ற விடை எந்தப் படத்திலும் ஒளிந்திருக்கவில்லை. வரைந்து, மாடல் செய்து, கணக்குப் போட்டு, தோற்று, மறுபடி வரைந்து கண்டுபிடித்தது அது. கல்லூரி ஸ்டுடியோ என்று ஒரு வடிவமைப்பு வகுப்பை வைத்திருப்பதே அந்த உழைப்பைச் சிறிய அளவில் பழக்கத்தான்.

கணினியே வேண்டாம் என்று சொல்கிற ஆள் நானில்லை. ஐவன் சதர்லேண்ட் 1963இல் கணினித் திரையில் வரையும் ஸ்கெட்ச்பேட் செய்து காட்டியதிலிருந்து, 1982இல் வந்த ஆட்டோகேட், அதன்பின் வந்த ரெவிட், ரைனோ, கிராஸ்ஹாப்பர் வரை வடிவமைப்பு மென்பொருள் ஒவ்வொன்றும் எங்கள் வேலையை மாற்றியிருக்கிறது. ஆனால் இவை எல்லாவற்றிலும் ஒரு ஒழுங்கு இருந்தது. ஆட்டோகேடில் சுவர் போட வேண்டுமென்றால் அது 230 மில்லிமீட்டரா 115 மில்லிமீட்டரா என்று நீங்கள் முடிவு செய்தாக வேண்டும். ரெவிட்டில் படிக்கட்டு வைத்தால் ரைசர் எத்தனை என்று அது கேட்கும். கிராஸ்ஹாப்பரில் எது எதைச் சார்ந்து மாறுகிறது என்ற உறவை நீங்களே கட்ட வேண்டும். கருவி கேள்வி கேட்டது, மாணவர் பதில் சொன்னார். படம் தரும் ஏஐ உங்களை எதுவும் கேட்பதில்லை. நீங்கள் சொல்லாமல் விட்ட அத்தனைக்கும், தான் பார்த்த படங்களிலிருந்து ஒரு பதிலைத் தானே நிரப்பிக்கொள்கிறது. எதை நிரப்பியது என்றும் சொல்வதில்லை. ஒரே வகுப்பில் பலருடைய ப்ராஜெக்ட்டிலும் ஒரே கண்ணாடி, ஒரே மரப்பட்டி, ஒரே மாலை வெளிச்சம் வருவதற்குக் காரணம் இதுதான். இணையத்தில் அதிகம் படமெடுக்கப்பட்ட கட்டடங்களின் சாயல் அது. மழை ஒழுகும் கூரை, துணி காயப்போடும் இடம், குப்பைத்தொட்டி, மீட்டர் பெட்டி எதுவும் அதில் வராது. யாரும் அவற்றை அழகாகப் படமெடுத்துப் போடவில்லை.

சரி, எங்கே பயன்படுத்தலாம்?

உங்கள் பிளானும் செக்‌ஷனும் மாடலும் ஓரளவு நிலைத்த பிறகு, அந்த மாடலின் காட்சியையே உள்ளீடாகக் கொடுத்து, கல் வைத்தால் எப்படி, செங்கல் வைத்தால் எப்படி என்று பார்ப்பது நல்ல பயன். மாடலின் கோடுகளை விட்டு விலகாமல் படம் வரவைக்கும் வசதி 2023இல் வந்த கண்ட்ரோல்நெட் என்ற கருவி முதல் கிடைக்கிறது. அப்போதும் வந்த படத்தை மாடலோடு ஒப்பிட்டுப் பாருங்கள்; ஜன்னல் ஒன்று கூடியிருக்கும், தூண் ஒன்று காணாமல் போயிருக்கும். நிழலைச் சரிபார்க்க இந்தப் படங்களை நம்பவே கூடாது. சூரியன் எந்தத் திசையில், எந்த உயரத்தில் நிற்கிறது என்பது இடத்தின் அட்சரேகையும் நாளும் நேரமும் சேர்ந்து தீர்மானிப்பது. அதற்கு லேடிபக் போன்ற கருவிகள் உண்டு; அந்த ஊரின் வானிலைக் கோப்பைப் படித்து, எந்த ஜன்னலில் எந்த மாதம் எத்தனை மணி நேரம் வெயில் விழும் என்று கணக்குப் போட்டுத் தரும். எனக்குத் தெரிந்து மாணவர்கள் அதிக நேரம் செலவழிக்க வேண்டிய டிஜிட்டல் கருவி இந்த வகைதான். பார்க்க அழகாக இருக்காது. ஆனால் அது தரும் வண்ணக் கட்டங்களைப் பார்த்துவிட்டு சன்ஷேடை 300 மில்லிமீட்டர் நீட்டுகிற மாணவருக்கு, ஏன் நீட்டினேன் என்று சொல்லத் தெரியும்.

சாட்ஜிபிடி மாதிரியான எழுத்துக் கருவிகள் வேறு வகை. புரியாத ஒரு கட்டமைப்புக் கோட்பாட்டைத் தாய்மொழியிலேயே திரும்பத் திரும்பக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். வகுப்பில் கை தூக்கத் தயங்குகிற மாணவருக்கு அது பெரிய உதவி. ஆனால் கட்டட விதிகளையும் கேஸ் ஸ்டடியையும் (ஏற்கெனவே கட்டிய கட்டடம் பற்றிய ஆய்வையும்) அதனிடம் கேட்டு அப்படியே ஷீட்டில் ஏற்றாதீர்கள். இல்லாத விதி எண்ணை உறுதியான குரலில் சொல்லும். கட்டடத்தின் ஆண்டையும் பரப்பளவையும் மாற்றிச் சொல்லும். தீ விபத்தில் வெளியேறும் வழியின் அகலத்தை இப்படித் தெரிந்துகொள்ளப் பழகியவர், நாளை அதே பழக்கத்தோடுதான் அலுவலகத்துக்கு வருவார். விதியை அதன் மூல ஆவணத்தில் திறந்து பார்க்கும் பழக்கம் முதலாம் ஆண்டிலேயே வர வேண்டும்.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். ஏஐயில் செய்தாரா இல்லையா என்று துப்பறிவதில் நேரத்தைச் செலவிடாதீர்கள். அதைக் கண்டுபிடிக்கும் மென்பொருள்களை நம்பி ஒரு மாணவர்மேல் பழி போடுவது ஆபத்து. மதிப்பெண் போடும் இடத்தை மாற்றுங்கள். ஜூரியில் ட்ரேசிங் பேப்பரைக் கொடுத்து, "படிக்கட்டை வடக்குப் பக்கம் நகர்த்தினால் மேல் தளம் என்ன ஆகும், இங்கேயே வரைந்து காட்டு" என்று கேளுங்கள். தன் கையால் வடிவமைத்தவர் தப்பும் தவறுமாகவாவது வரைவார். ஒன்றை நகர்த்தினால் டாய்லெட் குழாயும் நகர்கிறது என்று தானே சொல்வார். படத்தைத் தேர்ந்தெடுத்தவரால் அது முடியாது. முதல் சில வாரங்களுக்கு ரெண்டரே (கட்டி முடித்ததுபோல் காட்டும் படமே) வேண்டாம், பிளானும் செக்‌ஷனும் அட்டை மாடலும் மட்டும் போதும் என்று ஒரு விதி வைத்தாலே பாதி வேலை முடிந்தது.

பெற்றோர் சிலர் கேட்கிறார்கள்: இதையெல்லாம் கணினியே செய்துவிட்டால் ஐந்து ஆண்டு படிப்பு எதற்கு? கட்டடம் ஒழுகினாலும் விரிசல் விட்டாலும் பதில் சொல்ல வேண்டியவர் வரைபடத்தில் கையெழுத்துப் போட்ட ஆர்க்கிடெக்ட். அந்தக் கையெழுத்தைப் போடத் தகுதியான ஆளாக ஆவதற்குத்தான் படிப்பு. படம் செய்யும் வேலைக்கு மட்டும் என்றால், உண்மையிலேயே தேவையில்லை.

மாணவர்களுக்குக் கடைசியாக இரண்டு நடைமுறை விஷயங்கள். இன்டர்ன்ஷிப் போகும் இடத்தில் வாடிக்கையாளரின் வரைபடங்களைப் பொதுவான ஏஐ தளங்களில் அனுமதியில்லாமல் ஏற்றாதீர்கள்; அவை உங்களுடையவை அல்ல. போர்ட்ஃபோலியோவில் ஏஐ படம் இருந்தால், எந்தக் கருவி, எந்தக் கட்டத்தில் பயன்படுத்தினீர்கள், அதில் உங்கள் முடிவு எது என்று படத்தின் கீழேயே ஒரு வரி எழுதுங்கள். பயப்பட வேண்டாம், அப்படி எழுதியவரை நான் குறைத்து மதிப்பிட்டதில்லை. அந்தப் படத்துக்குப் பக்கத்தில் அதே கட்டடத்தின் செக்‌ஷனை 1:50 அளவில், பீமின் ஆழமும் தளத்தின் தடிமனும் தெரிய வையுங்கள். வேலைக்கு ஆள் எடுக்க உட்காரும்போது நான் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டுதான் கேள்விகளை ஆரம்பிக்கிறேன்.