அணில் குட்டிக்கு ஒரு சொட்டே அதிகம்

ஆடிக் காற்றில் அம்மியே நகரும் என்பார்கள். நாரும் பஞ்சும் நூலும் வைத்துக் கட்டிய அணில்கூடு எம்மாத்திரம்! கீழே விழுந்து கிடக்கும் குட்டியை எடுத்து, அட்டைப்பெட்டியில் பழந்துணி விரித்து, இங்க் ஃபில்லரில் பால் புகட்டி, கண் திறக்கிற வரை கொண்டுவந்துவிடுகிறவர்கள் நம் ஊரில் நிறையப் பேர். ஆபத்தெல்லாம் தாண்டியாயிற்று என்று மூச்சு விடும் நேரத்தில்தான் அது சொறியத் தொடங்கும். பின்னங்காலால் காதோரத்தை விறுவிறுவென்று பிறாண்டும். கழுத்தில் முடி கொட்டும், தோல் செதில் செதிலாக உதிரும், ராத்திரியெல்லாம் பெட்டிக்குள் உருண்டுகொண்டே இருக்கும்.

அப்போது கைக்கு எட்டுவது இரண்டு. ஒன்று, வேப்பெண்ணெய். இன்னொன்று, மாட்டுக்கோ நாய்க்கோ போட்டு மிச்சமிருக்கிற, ஐவர்மெக்டின் என்கிற ஒட்டுண்ணி மருந்து பாட்டில். ஐவர்மெக்டின் நல்ல மருந்து, நோபல் பரிசு வரை போன மருந்து. ஆனால் அதே பாட்டிலிலிருந்து ஒரு சொட்டு, அந்தக் குட்டியின் உயிரை எடுத்துவிடலாம். மருந்து வேலை செய்கிற விதத்தைப் பார்த்தால் அதன் நன்மை, ஆபத்து இரண்டும் ஒரே காரணத்திலிருந்து வருவது தெரியும்.

முதலில், சொறிவதெல்லாம் சிற்றுண்ணி என்கிற மிகச் சிறிய ஒட்டுண்ணியால் அல்ல. முடி முளைக்கும் பருவத்தில் குட்டியின் தோல் காய்ந்து உதிர்வது இயல்பு. வாயோரத்தில் மட்டும் முடி போயிருந்தால், பெரும்பாலும் புகட்டும்போது வழிந்த பால் காய்ந்து ஒட்டிய வேலை. ஒவ்வொரு முறையும் வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் துடைத்து உலர்த்தினால் சரியாகிவிடும். வயிற்றடியில் சிவந்திருந்தால் ஈரத்துணி, சிறுநீர். வட்ட வட்டமாக முடி உதிர்ந்தால் படர்தாமரை என்கிற பூஞ்சையாக இருக்கலாம், அதற்கு ஐவர்மெக்டின் ஒன்றும் செய்யாது. சத்துக் குறைவாலும் தோல் கெடும். அணில்பாலில் இருக்கும் கொழுப்பும் புரதமும் பசும்பாலில் இருப்பதைவிட மிக அதிகம். வெறும் பசும்பாலிலேயே வளரும் குட்டிக்கு ரோமம் சரியாக வராததில் ஆச்சரியம் இல்லை.

சிற்றுண்ணிதான் என்றால், அது எங்கே குடியிருக்கிறது என்பது அடுத்த கேள்வி. பாதி சிகிச்சை இந்தப் பதிலில் இருக்கிறது.

ஒரு கூட்டம் குட்டியின் மேல் வாழ்வதே இல்லை. படுக்கைத் துணியின் மடிப்பில், பெட்டியின் விளிம்பில் ஒளிந்திருந்து, பசித்தால் மட்டும் மேலே ஏறி ரத்தம் குடித்துவிட்டு இறங்கிவிடும். எலிக்கூடுகளில் இருக்கும் ஆர்னிதோனிசஸ் வகை இப்படித்தான். இரவில் வெள்ளைத்துணியை விரித்து டார்ச் அடித்துப் பாருங்கள்: 1 மில்லிமீட்டருக்கும் குறைவான சாம்பல் புள்ளிகள் நகரும். ரத்தம் குடித்தவை கருஞ்சிவப்பாக இருக்கும், நசுக்கினால் துணியில் சிவப்புக் கோடு விழும். இவற்றை அற்பமாக நினைக்கக் கூடாது. 30 கிராம் குட்டியின் உடம்பில் இருக்கும் மொத்த ரத்தமே 2 மில்லி சொச்சம்தான். ஈறு வெளுத்து, குட்டி துவண்டு கிடந்தால் பிரச்சினை அரிப்பைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம்.

இன்னொரு கூட்டம் தோலுக்குள்ளேயே குடியிருப்பது. நமக்குச் சிரங்கு கொண்டுவரும் சார்காப்டிஸ், அதன் நெருங்கிய உறவான நோட்டோயீட்ரிஸ் இரண்டும் இந்த வகை. பின்னதன் இனங்கள் எலி, பூனை, அணில் என்று பல விலங்குகளைப் பிடிக்கும். பெண் சிற்றுண்ணி தோலின் மேலடுக்கான செத்த செல்களுக்குள் சுரங்கம் தோண்டிக்கொண்டே போகும். போகிற வழியெல்லாம் முட்டையும் கழிவும் விட்டுப்போகும். கால்நடை மருத்துவர் மழுங்கிய பிளேடால் தோலைச் சுரண்டி, பாரஃபின் எண்ணெய்ச் சொட்டில் குழைத்து நுண்ணோக்கியில் வைத்தால், உருண்டையான உடலும் குட்டையான கால்களும் தெரியும். பின்னங்கால் இரண்டு ஜோடியும் உடலின் விளிம்பைத் தாண்டி வெளியே நீளாது. வளர்ந்ததற்கு 8 கால், இளசுக்கு 6. பக்கத்திலேயே நீள்வட்ட முட்டைகளும் பழுப்புக் கழிவுத் துணுக்குகளும் கிடக்கும். சுரண்டலில் எதுவும் அகப்படாவிட்டால் சிற்றுண்ணியே இல்லை என்று சொல்லவும் முடியாது, பல நேரம் தப்பிவிடும். அதனால் அறிகுறிகளை வைத்தே சிகிச்சை தொடங்கும் மருத்துவர்கள் உண்டு.

அரிப்பு வருவது சிற்றுண்ணி கடிப்பதால் என்று நினைக்கிறோம். சுரங்கம் தோண்டுகிற வகையில் பெரும்பங்கு அதன் எச்சில், கழிவு, முட்டை ஆகியவற்றின் மேல் உடலின் நோயெதிர்ப்பு காட்டும் கோபத்துக்குத்தான். மனிதருக்கு முதல் முறை சிரங்கு வரும்போது அரிப்பு தொடங்கவே 4 முதல் 6 வாரம் ஆகும். இரண்டாம் முறை வந்தால் ஓரிரு நாளிலேயே அரிக்கும். பூச்சி அதேதான், உடல்தான் அதை அடையாளம் கண்டுவைத்திருக்கிறது. சொறிந்தால் உண்டாகும் சிறு வலி தண்டுவடத்திலேயே அரிப்புச் செய்தியைக் கொஞ்ச நேரம் அமுக்கிவிடும், அந்தச் சுகத்துக்காகக் குட்டி மேலும் மேலும் சொறியும். அணிலின் நகம் மரப்பட்டையைப் பற்றி ஏறுவதற்கான நகம். மெல்லிய தோல் கிழிந்து பாக்டீரியா புகுந்தால் புண்ணுக்குத் தனி வைத்தியம் தேவைப்படும்.

இனி மருந்துக்கு வருவோம். 1970களின் தொடக்கத்தில் ஜப்பானின் இதோ நகரில், கவானா கோல்ஃப் மைதானத்தை ஒட்டிய மண்ணை சதோஷி ஓமுரா எடுத்துவந்தார். அதில் இருந்த ஸ்ட்ரெப்டோமைசிஸ் வகை பாக்டீரியா ஒன்று புழுக்களைக் கொல்லும் பொருளைச் சுரப்பதை அமெரிக்காவின் மெர்க் நிறுவனத்தில் வில்லியம் கேம்பெல்லின் குழு கண்டது. அதைச் செம்மைப்படுத்தியதுதான் ஐவர்மெக்டின். 1981இல் கால்நடை மருந்தாக வந்தது. ஆற்றுக்குருட்டு நோய்க்கு எதிராக மனிதர்களுக்கும் போனது. 2015இல் இருவருக்கும் நோபல் பரிசு, மலேரியா மருந்து கண்ட சீனாவின் தூ யூயூவுடன் பகிர்ந்து.

புழு, பூச்சி, சிற்றுண்ணி ஆகியவற்றின் நரம்பிலும் தசையிலும், நரம்புச் செய்தி கடத்தும் வேதிப்பொருளான குளூட்டமேட் பட்டால் திறந்து குளோரைடு அயனிகளை உள்ளே விடும் வாயில்கள் உண்டு. ஐவர்மெக்டின் இந்த வாயிலில் பற்றிக்கொண்டு அதை மூடவிடாது. எதிர்மின் அயனிகள் உள்ளே குவிந்தால் நரம்பு செல்லால் செய்தியைக் கடத்த முடியாது. சிற்றுண்ணி செயலிழந்து, தின்ன முடியாமல் சாகிறது. பாலூட்டிகளிடம் இந்த வகை வாயில் இல்லவே இல்லை. மாட்டுக்கும் நாய்க்கும் நமக்கும் இந்த மருந்து பாதுகாப்பாக இருப்பதன் முதல் காரணம் இது.

ஆனால் நம் மூளையில் இதற்குச் சற்றே தூரத்து உறவான குளோரைடு வாயில்கள் இருக்கின்றன. மருந்தின் அளவு அதிகமானால் அவற்றிலும் போய் உட்காரும். அது நடக்காமல் இருப்பதற்குக் காரணம், மூளையின் ரத்தக்குழாய்ச் சுவரில் நிற்கும் பி-கிளைகோபுரதம் என்கிற பம்பு. கல்யாண மண்டப வாசலில் அழைப்பிதழ் கேட்டு நிற்கும் ஆள் மாதிரி, உள்ளே நுழைகிற ஐவர்மெக்டினை வந்த வழியே திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கும்.

இந்தப் பம்பின் முக்கியத்துவம் வெளிப்பட்டதே ஒரு விபத்தால். ஆம்ஸ்டர்டாமில் ஆல்ஃபிரட் ஷிங்கெலும் சக ஆய்வாளர்களும் புற்றுநோய் மருந்து ஆய்வுக்காக இந்தப் பம்பின் மரபணுவை நீக்கிய சுண்டெலிகளை உருவாக்கியிருந்தார்கள். பார்ப்பதற்கு அவற்றுக்கு ஒரு குறையும் இல்லை. எலிக்கூண்டுகளில் சிற்றுண்ணி வந்துவிட்டது. வழக்கம்போல ஐவர்மெக்டின் தெளித்தார்கள். சாதாரண எலிகள் நன்றாக இருந்தன, மரபணு நீக்கிய எலிகள் செத்து விழுந்தன. 1994இல் வெளியான அவர்கள் கட்டுரைப்படி, பம்பு இல்லாத எலிக்கு ஐவர்மெக்டினின் நச்சு சுமார் 100 மடங்கு அதிகமாகத் தாக்குகிறது. கோலி இன நாய்கள் பலவற்றுக்கு இந்த மருந்து ஆகாமல் போவதும் இதே பம்பில் உள்ள பிறவிக் குறையால்தான்.

கொறித்துத் தின்னும் விலங்குகளான கொறிணிகளின் குட்டிகளுக்கு இந்தப் பம்பு பிறக்கும்போதே முழு எண்ணிக்கையில் இருப்பதில்லை. வளர வளரத்தான் கூடுகிறது. பச்சிளம் எலிக் குட்டிகள், வளர்ந்த எலிகளைக் கொல்லும் அளவில் சிறு பங்குக்கே இறந்துபோவது ஆய்வகங்களில் தெரிந்த விஷயம். அணிலும் கொறிணிதான். எனவே கண் திறக்காத குட்டிக்கு ஐவர்மெக்டின் என்ற பேச்சையே எடுக்காமல் இருப்பது நல்லது என்பது என் கருத்து.

இதோடு அளவுக் கணக்கையும் சேர்த்துப் பாருங்கள். விலங்குகளுக்கு வழக்கமான அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 0.2 மில்லிகிராம். 30 கிராம் குட்டிக்கு 0.006 மில்லிகிராம். மாட்டுக்குப் போடும் 1 சதவீத ஊசிமருந்தில் ஒரு மில்லிக்கு 10 மில்லிகிராம் இருக்கிறது. ஆக, குட்டிக்கு வேண்டியது 0.0006 மில்லி. ஃபில்லரிலிருந்து விழும் ஒரு சொட்டு ஏறக்குறைய 0.05 மில்லி, அதாவது தேவையைப் போல 80 மடங்குக்கு மேல். “சொட்டு வேண்டாம், இன்சுலின் சிரிஞ்சில் ஒரே ஒரு யூனிட் எடுக்கிறேன்” என்றால், 100 யூனிட் சிரிஞ்சில் ஒரு யூனிட் 0.01 மில்லி, அதுவும் 16 மடங்குக்கு மேல். வீட்டில் இருக்கும் எந்தக் கருவியாலும் இந்த அளவை எடுக்க முடியாது. தண்ணீர் கலந்து நீர்க்கச் செய்யலாமே என்றால், ஐவர்மெக்டின் தண்ணீரில் கரையாது. ஒரு உறிஞ்சலில் ஒன்றுமே வராது, அடுத்ததில் மொத்தமும் வரும். மருத்துவர்கள் புரொப்பிலீன் கிளைகால் போன்ற கரைப்பானில் நீர்க்கச் செய்து, குட்டியைக் கிராம் தராசில் நிறுத்து, அளந்து கொடுப்பார்கள். அல்லது இதே குடும்பத்தைச் சேர்ந்த செலமெக்டினைப் பிடரியில் தடவுவார்கள். அளவு மிஞ்சினால் தள்ளாட்டம், எச்சில் ஒழுகல், விரிந்த கண்மணி, பிறகு மயக்கம். முறிமருந்து கிடையாது, சூடு கொடுத்து, நீர்ச்சத்தைக் காத்து, மருந்து உடலைவிட்டுப் போகும்வரை தாங்கிப் பிடிப்பதுதான் வழி.

“அப்படியானால் இயற்கை வைத்தியமே மேல்” என்று வேப்பெண்ணெய்க்குப் போகிறவர்களுக்கு ஒன்று. 1981இல் மலேசியாவில், வேப்பெண்ணெய் புகட்டப்பட்ட இந்தியக் குடும்பத்துக் குழந்தைகள் வாந்தி, வலிப்பு, மயக்கத்தோடு மருத்துவமனைக்கு வந்ததை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அணில் குட்டி உடம்பில் எதைத் தடவினாலும் நக்கித் தின்றுவிடும். தடவுவதும் புகட்டுவதும் அதற்கு ஒன்றே. தேங்காய் எண்ணெயில் கற்பூரம் கரைத்துப் பூசுவது இன்னும் மோசம், கற்பூரம் வலிப்பை உண்டாக்கும். வெறும் எண்ணெயாகவே இருந்தாலும், ரோமம் ஒட்டிக்கொண்டால் குட்டி சூட்டை இழந்து விறைத்துப்போகும். நாய் ஷாம்பூ, பேன் மருந்து, மனிதருக்கான சிரங்கு லோஷன் எதற்கும் இதே பதில்தான்.

வீட்டில் தாராளமாகச் செய்யக்கூடியது படுக்கை வேலை. துணியைத் தினமும் மாற்றி, கொதிநீரில் போட்டு, வெயிலில் காயவைத்து, முடிந்தால் இஸ்திரி போடுங்கள். அட்டைப்பெட்டியைத் தூக்கி எறிந்துவிட்டு, துடைக்கக்கூடிய பிளாஸ்டிக் கூடைக்கு மாற்றுங்கள். கூட்டோடு எடுத்துவந்திருந்தால் அந்த நாரும் பஞ்சும் அன்றே வெளியே போக வேண்டும். துணியில் ஒளிந்திருக்கும் வகைக்கு இதுவே பெரும்பகுதி சிகிச்சை. தோலுக்குள் இருப்பவை என்றால் குட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு போவதைத் தவிர வழியில்லை. சென்னையில் வேப்பேரி, மற்ற ஊர்களில் நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி என்று கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. அணில் காட்டுயிர் என்பதால் வனத்துறைக்கும் ஒரு வார்த்தை சொல்லிவைப்பது நல்லது.

மருந்து கொடுத்த மறுநாளே சொறிவது நிற்காது. செத்த பூச்சியும் கழிவும் தோலுக்குள்ளேயே கிடக்கின்றன. மேல்தோல் உரிந்து அவை வெளியேறும்வரை அரிப்பு இருக்கும், சில வாரம்கூட ஆகலாம். மருந்து கேட்கவில்லை என்று இன்னொரு வேளை கொடுத்துவிடும் ஆபத்து இங்கேதான். மருத்துவரே இரண்டாம் தவணைக்கு வரச் சொல்வது வேறு காரணத்துக்காக: முட்டைக்குள் இருப்பதை ஐவர்மெக்டின் கொல்வதில்லை. 3, 4 நாளில் பொரிந்து, இரண்டு வாரத்துக்குள் வளர்ந்து தானும் முட்டையிடத் தயாராகும். அதற்குமுன் பிடிக்கத்தான் 10 முதல் 14 நாள் இடைவெளி. தூக்கி வளர்த்தவர் முன்கையில் கொப்புளம் போட்டு அரித்தால் பதற வேண்டாம். விலங்கின் சிரங்குப்பூச்சி மனிதத் தோலில் குடும்பம் நடத்த முடியாது. குட்டிக்குக் குணமானால் அதுவும் தானாகப் போய்விடும்.