நெடுங்கோட்டையைக் கோடாக்கியவர்கள்

‘1789 டிசம்பரில் திப்பு சுல்தான் திருவிதாங்கூர் கோடுகளைத் தாக்கினார்.’ மைசூர்ப் போர்களைப் பற்றிய மொழிபெயர்ப்புகளில் இப்படி ஒரு வாக்கியம் தவறாமல் வந்துவிடுகிறது. கோடுகளை எப்படி ஐயா தாக்குவது? ஒருமையில் ‘கோட்டைத் தாக்கினார்’ என்று எழுதியிருந்தால், இலக்கணத்தின் தயவில் பாதியாவது சரியாகியிருக்கும்.

ஆங்கிலேயர் ‘டிராவன்கூர் லைன்ஸ்’ என்றார்கள். லைன் லத்தீனிலிருந்து வந்தது. முதலில் நூலிழை என்று பொருள், பிறகு கோடு. படைத்துறையில் அதற்குத் தனிப்பொருள் உண்டு: ஊரைச் சுற்றி வளைக்காமல் நிலத்தின் குறுக்கே நீளும் தொடர் அரண்.

அப்படி நின்றது என்ன? கொடுங்கல்லூர் அருகே கிருஷ்ணன்கோட்டையில் தொடங்கி ஆனைமலை அடிவாரம் வரை ஏறக்குறைய 48 கிலோமீட்டருக்கு மண்மதில், அகழி, மூங்கில் வேலி. குளச்சல் போரில் 1741-இல் திருவிதாங்கூரிடம் பிடிபட்டு, பின்பு அந்தப் படைக்கே தலைவரான டச்சுக் கம்பெனி அதிகாரி டிலனாயின் கைவேலை. (அவர் கல்லறை தக்கலை பக்கத்தில் உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கிறது.) டிசம்பர் 29 விடியற்காலையில் உள்ளே புகுந்த மைசூர்ப் படை, பக்கவாட்டிலிருந்து சிறு குழு ஒன்று சுட்டதில் கலைந்து ஓடியது, பலர் அகழியில் விழுந்து மாண்டார்கள். 1790 ஏப்ரலில் பீரங்கிகளோடு திரும்பி வந்த திப்பு, மதிலை உடைத்து அகழியைத் தூர்க்கச் சொன்னார். வெறும் கோடு என்றால் தூர்க்க முடியுமா?

சிலர் ‘எல்லைக்கோடு’ என்று திருத்துகிறார்கள். அது இன்னும் மோசம். அந்த மதிலில் பெரும்பகுதி கொச்சி மண்ணில்தான் இருந்தது. கொச்சி தனக்குக் கப்பம் கட்டும் நாடு, அங்கே திருவிதாங்கூருக்கு என்ன மதில் என்பதுதான் திப்புவின் புகாரே. எல்லைக்கோடு என்று எழுதினால் சண்டையின் காரணமே அழிந்துபோகிறது. ‘வரிசைகள்’ என்பாரும் உண்டு. ரேஷன் கடை வாசல்தான் நினைவுக்கு வருகிறது.

இத்தனைக்கும் மலையாளத்தில் அதன் பெயர் நெடுங்கோட்ட. ஓர் ஐகாரம் சேர்த்தால் நெடுங்கோட்டை. கோட்டை என்றால் செஞ்சி போல வளைத்துக் கட்டியதல்லவா என்று கேட்கலாம். அதற்குத்தான் ‘நெடும்’ முன்னால் நிற்கிறது. பொதுச்சொல் வேண்டுமென்றால் ‘தொடர் அரண்’ போதும். ஜெர்மனியைத் தடுக்கப் பிரான்சு கட்டிய அரணை ‘மாஜினோ கோடு’ என்று எழுதுகிறார்களே, அதையும் அப்படியே ‘மாஜினோ அரண்’ ஆக்கிவிடலாம்.

பக்கத்து வீட்டுப் பெயரை லண்டன் வழியாகக் கேட்டு எழுதுகிற பழக்கம்தான் இதெல்லாம். அதே பக்கங்களில் கொடுங்கல்லூர் ‘கிராங்கனூர்’ ஆகியிருக்கும், பாருங்கள். அது சேரர் துறைமுகம் முசிறி இருந்த வட்டாரம் என்று சொன்னால் மொழிபெயர்த்தவரே நம்ப மாட்டார்.