செல்லுக்குள் நுழைவதற்கு முன்

மூன்று நாளாகத் தொண்டை வலி என்று ஒன்பது வயதுப் பையனை அழைத்து வந்திருந்தார்கள். காய்ச்சல் அதிகமில்லை, அதனாலேயே வீட்டில் யாரும் பதறவில்லை. மருந்துக் கடை மாத்திரையிலேயே நாள் ஓடியிருக்கிறது. வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்தேன். டான்சிலின் மேல் சாம்பல் நிறத்தில் ஒரு படலம், நனைந்த தோலை ஒட்டிவைத்தது போல. பஞ்சுக் குச்சி அதன் ஓரத்தில் பட்டதும் ரத்தம் கசிந்தது. வீக்கத்தில் தாடை எது, கழுத்து எது என்று தெரியவில்லை. டிப்தீரியா. நம் ஊர்ப் பெயர் தொண்டை அடைப்பான்.

“இதைச் சுரண்டி எடுத்துவிட முடியாதா, டாக்டர்?” என்று அவன் அப்பா கேட்டார்.

உரித்தால் ரத்தம்தான் கொட்டும். கிருமி பெரும்பாலும் தொண்டையோடு நின்றுவிடுகிறது. அது சுரக்கும் நச்சுதான் ரத்தத்தில் ஏறி இதயம், நரம்பு என்று போகிறது.

அந்த நச்சு, 535 அமினோ அமிலங்கள் கோத்த ஒற்றைப் புரதச் சங்கிலி. மூன்று பகுதிகளாக மடிந்திருக்கிறது. ஒரு பகுதி நம் செல்லின் மேலுள்ள ஒரு புரதத்தைப் பற்றிக்கொள்ள, செல் அதைச் சிறு பைக்குள் இழுத்துக்கொள்கிறது. பைக்குள் அமிலம் ஏறுகிறது. மற்றப் புரதங்கள் அழிவதற்கான இடம் அது; இந்த நச்சுக்கோ அந்த அமிலம்தான் கதவைத் திறக்கிறது. நடுப்பகுதி உருமாறிப் பையின் சவ்வைத் துளைக்க, கடைசிப் பகுதி செல்லுக்குள் கழன்று விழுகிறது. அது ஒரு நொதி. செல் புரதம் செய்ய ‘நீட்சிக் காரணி 2’ வேண்டும். இந்த நொதி அந்தக் காரணியின் மேல் ஒரு வேதித் துண்டை ஒட்டி முடக்குகிறது. ஒன்றை முடித்ததும் அடுத்ததற்குப் போகும். தான் மட்டும் செலவாகாது. ஒரே ஒரு மூலக்கூறு உள்ளே போனாலும் போதும், அந்தச் செல் செத்துவிடும்.

எங்கள் அவசரமெல்லாம் இதனால்தான். எதிர்நச்சு மருந்து, வெளியே சுற்றும் நச்சை மட்டுமே பிடிக்கும். செல்லுக்குள் போனதை மீட்க மருந்தே இல்லை. பென்சிலின் கிருமியைக் கொல்லும், ஏற்கெனவே சுரந்துவிட்ட நச்சைத் தொடாது. எதிர்நச்சு குதிரையின் ரத்தத்திலிருந்து எடுக்கும் மருந்து என்பதால் ஒவ்வாமை சோதித்துவிட்டு, ஆய்வக முடிவுக்குக் காத்திராமல் அன்றிரவே ஏற்றினோம். அந்த மூன்று நாள் மட்டும் முன்னாலேயே கிடைத்திருக்கக் கூடாதா என்று இன்றும் மனம் அடித்துக்கொள்கிறது.

தடுப்பூசியில் இருப்பதும் இதே நச்சுதான். ஃபார்மலினில் ஊறவைத்தால் அதன் கொல்லும் திறன் போய்விடும், உடல் அடையாளம் கண்டுகொள்ளும் உருவம் தங்கும். 1923இல் பிரான்சின் காஸ்தோன் ரமோன் இதைக் காட்டினார். ஆனால் அந்தப் பாதுகாப்பு ஆண்டுகள் போகப் போகக் குறையும். ஆகவேதான் 6, 10, 14ஆம் வாரங்களில் போட்ட பிறகும், ஒன்றரை வயதிலும் ஐந்து வயதிலும் 10, 16 வயதுகளிலும் மறுபடி போடச் சொல்கிறோம். இந்தப் பையனின் அட்டை 14ஆம் வாரத்தோடு நின்றிருந்தது.

பத்தாம் நாள் தொண்டை சுத்தமாகிவிட்டது. “வீட்டுக்குப் போகலாமா?” என்று அம்மா கேட்டார். அன்று காலை எடுத்த ஈ.சி.ஜி. என் கையில் இருந்தது. நாடித்துடிப்பு 52, இந்த வயதுக்கு மிகக் குறைவு. நச்சு இதயத்தைத் தொட்டிருந்தது. இன்னும் இரண்டு வாரம், கழிப்பறைக்குக்கூட இறங்கி நடக்கக் கூடாது என்றேன். பிறகு, வாசலில் நின்ற அவன் தங்கையின் தடுப்பூசி அட்டையைக் கேட்டு வாங்கினேன்.