'சீ' என்ற சொல்லின் அறிவியல்

கழிப்பறைக்குப் போய் வந்தால் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும் என்பது பெரும்பாலோருக்குத் தெரியும். கேட்டால், கழுவுவதாகவும் சொல்வார்கள். வீட்டிலேயே ஒருவர் அமர்ந்து நாள் முழுவதும் கவனித்தால்தான் உண்மை நிலை வெளிப்படும். தெரிந்திருந்தும் ஏன் செய்வதில்லை என்ற கேள்வியை வாழ்நாள் ஆய்வாக எடுத்துக்கொண்டவர், லண்டன் சுகாதார மற்றும் வெப்பமண்டல மருத்துவக் கல்லூரியில் பேராசிரியராக இருந்து 2020-இல் மறைந்த வால் கர்ட்டிஸ். பொறியியல் படித்துவிட்டுப் பொதுச் சுகாதாரத்துக்கு வந்தவர் அவர்.

கையில் எப்போதும் மெல்லிய எண்ணெய்ப் பசை இருக்கும். கிருமிகள் அதில்தான் ஒட்டிக்கொள்கின்றன. சோப்பு மூலக்கூற்றின் ஒரு முனை எண்ணெயையும் மறுமுனை நீரையும் பற்றிக்கொள்வதால், தேய்க்கும்போது பசை பிரிந்து கிருமிகளோடு தண்ணீரில் போய்விடுகிறது. இதன் பயன் சிறியதன்று. சோப்பால் கை கழுவினால் வயிற்றுப்போக்கு வரும் வாய்ப்பு 42 முதல் 47 விழுக்காடு வரை குறையக்கூடும் என்று, அதுவரை வெளிவந்த ஆய்வுகளைத் தொகுத்து 2003-இல் கர்ட்டிசும் அவருடைய சக ஆய்வாளர் சாண்டி கெய்ர்ன்கிராசும் கணித்தனர்.

1990-களில் மேற்கு ஆப்பிரிக்க நாடான புர்கினா ஃபாசோவின் போபோ டியூலாசோ நகரில் கர்ட்டிஸ் தாய்மார்களிடம் பேசியபோது, சோப்பு எடுப்பதற்கு அவர்கள் சொன்ன காரணங்களில் நாற்றமும் அழுக்கும் அக்கம்பக்கத்தார் என்ன நினைப்பார்களோ என்ற கூச்சமுமே முன்னின்றன; நோயைப் பற்றிய அச்சம் பின்தங்கியே இருந்தது. மலம், சீழ், அழுகல் இவற்றைக் கண்டு முகம் சுளிப்பது, நோயிலிருந்து விலகியிருக்கும்படி பரிணாமம் நமக்குள் பதித்த உணர்ச்சி என்பது அவர் வாதம். யோசித்துப் பார்த்தால், தரையில் விழுந்ததை வாயில் வைக்கப்போகும் குழந்தையிடம் எந்தத் தாயும் கிருமியைப் பற்றி விளக்குவதில்லை; "சீ, போடு கீழே" என்பாள், குழந்தையும் போட்டுவிடும்.

இந்த எண்ணத்தில் உருவானதே, தமிழ்நாட்டை ஒட்டிய சித்தூர் மாவட்டச் சிற்றூர்களில் நடந்த 'சூப்பர் அம்மா' பரப்புரை. அதில் லட்டு லிங்கம் என்றொரு கோமாளி வருவான். மண்ணையும் புழுவையும் பிசைந்து லட்டுப் பிடிப்பான். கை கழுவவே மாட்டான். எதிர்ப்பக்கத்தில், மகனுக்கு நல்ல பழக்கம் சொல்லிக்கொடுத்து வளர்க்கும் அம்மா. அருவருப்பையும், பிள்ளையை நன்றாக வளர்க்க வேண்டும் என்ற தாயின் ஆசையையும் நம்பி நடந்த முயற்சி அது. 14 ஊர்களில் நடந்த ஆய்வின் தொடக்கத்தில், தேவையான வேளைகளில் சோப்பால் கை கழுவியது 2 விழுக்காட்டுக்கு மேல் இல்லை. ஆறு மாதம் கழித்துப் பரப்புரை நடந்த ஊர்களில் அது 37 ஆகவும், நடக்காத ஊர்களில் 6 ஆகவும் இருந்தது. 2014-இல் இம்முடிவுகள் வெளியாயின. 37 என்பது பாதிகூட இல்லைதான். ஆனாலும் பல ஆண்டுப் பழக்கத்தை ஆறு மாதத்தில் இவ்வளவு அசைத்ததை நான் பெரிதாகவே மதிக்கிறேன்.

உணர்ச்சி தூண்டிவிட்ட செயல் பழக்கமாக வேண்டுமானால், அதே இடத்தில், அதே வேளையில் அது திரும்பத் திரும்ப நடக்க வேண்டும். நாளடைவில் அந்த இடமே நினைவூட்டத் தொடங்கும். வங்கதேசத்தின் இரண்டு கிராமப்புறப் பள்ளிகளில் ஆய்வாளர்கள் இந்த நினைவூட்டலை மட்டும் தனியே சோதித்தனர். கழிப்பறையிலிருந்து கை கழுவும் இடம்வரை பாதை போட்டுப் பளிச்சென்று வண்ணம் தீட்டி, பாதையின்மேல் பாதச் சுவடுகளையும் கை கழுவும் இடத்தில் கைத்தடங்களையும் வரைந்து வைத்தார்கள். பாடமோ அறிவுரையோ எதுவும் சொல்லவில்லை. முன்பு 4 விழுக்காடாக இருந்த சோப்புக் கழுவல் வேலை முடிந்த மறுநாளே 68 ஆகி, ஆறு வாரம் கழித்துப் பார்த்தபோது 74-இல் நின்றது. சுவட்டின்மேல் கால் வைத்து நடக்கும் பிள்ளை நேரே போய் நிற்பது குழாயடியில். தண்ணீரும் சோப்பும் அங்கே கையெட்டும் தூரத்தில் இருக்கின்றன.